வெயிலில் உள்ளே போன வண்டி

ஓய்வு பெற்ற எங்களில் சிலரைப் போன மாதம் கூப்பிட்டு, சிக்னல் கேபினில் புதிதாக வைத்திருக்கும் ஒரு கருவியைக் காட்டினார்கள். தண்டவாளத்தில் வண்டி நின்றால் கேபினுக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு தானாக எரிகிறது. வண்டி நகர்ந்ததும் அணைந்துவிடுகிறது. நான் வேலையை விட்டு மூன்று வருடம்தான் ஆகிறது, அதற்குள் இவ்வளவு. இப்போது அங்கே சிக்னல்மேனாக இருக்கும் வேலாயுதம், "இனிமே வண்டி நிக்கிறத மறந்துடுவோமோன்னு பயமே இல்லண்ணே, அது பாத்துக்கும்" என்றார். மூலையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இரும்பு வளையங்கள், தூக்கிப் போடுவதற்காக வைத்திருந்தார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வீடு வரைக்கும் சட்டைப் பையில் கனத்துக்கொண்டே வந்தது.

அந்த வளையத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுதினால் டிரைவர் அந்தோணிசாமியைப் பற்றி எழுதாமல் முடியாது. ஞாபகம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. அது என்னை ஏமாற்றியதையும் பார்த்தேன், காப்பாற்றியதையும் பார்த்தேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.

கிள்ளானில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தபோது, என்னை முதலில் பயணிகள் விட்டுப்போன சாமான்களை வைக்கும் அறையில் போட்டார்கள். இரண்டு வருடம் அங்கே மறதியோடுதான் குடித்தனம். குடைதான் அதிகம் வரும். அதில் ஒரு விஷயம் கவனித்தேன். மழை பெய்துகொண்டிருக்கும்போது யாரும் குடையை மறப்பதில்லை. மழையில் ஏறி, வெயிலில் இறங்குகிறவர்தான் விட்டுவிட்டுப் போவார். மழை நின்றதும் குடையும் அவர் மனதைவிட்டு இறங்கிவிடும். ஒருநாள் ஒரு மனிதர் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு பெண்டாட்டியையே பிளாட்பாரத்தில் மறந்துவிட்டு வண்டி ஏறிப் போனார். கல்யாணமாகி நாலு நாள். பத்து வருடமாகத் தனியாகவே ஏறிய வண்டி, கால் அதுபாட்டுக்கு ஏறிவிட்டது. அடுத்த வண்டியில் வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தார். அந்தப் பெண் எங்கள் அறையில், குடைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "என்னையும் ரிஜிஸ்தரில் எழுதிட்டாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க" என்றாள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. அந்தச் சிரிப்புக்குப் பிற்காலத்தில் நானே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிக்னல் வேலைக்கு என்னைத் தயார் செய்தவர் கனகசபை என்ற யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார், பிறகு ரயில்வேயில் விபத்து, தவறுகளை விசாரிக்கும் டிராபிக் இன்ஸ்பெக்டரானார். மெலிந்த மனிதர். வெள்ளைக் கோட்டில் ஒரு மடிப்புக் கலையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சிலை மேசைக்கு நேராக வைப்பார், அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தை ஆறு மாதத்தில் பக்கம் பக்கமாக ஒப்பித்தேன். வண்டிகளின் எண்களை ஒரு தடவை பார்த்தால் போதும், சாயங்காலம் வரைக்கும் சொல்வேன். மற்ற ஸ்டேஷன்காரர்கள் புத்தகத்தைப் புரட்டச் சோம்பல்பட்டு எனக்குப் போன் செய்வார்கள். கனகசபை ஐயா மட்டும் என்னைப் பாராட்டியதே கிடையாது. "உமக்கு நல்ல ஞாபகம். அதாலதான் உம்மட கேபினில வளையம் ரெண்டு கூட வைச்சிருக்கிறன்" என்பார். கிண்டல் என்று நினைத்துக்கொள்வேன்.

வளையம் என்றால் இதுதான். கேபினில் சிக்னலை இறக்கி வண்டிக்கு வழிவிடுவதற்கு வரிசையாக லீவர்கள் இருக்கும். ஒரு லைனில் வண்டி நின்றுகொண்டிருந்தால், அந்த லைனுக்கு உரிய லீவரின் கைப்பிடியில் இந்த இரும்பு வளையத்தை மாட்ட வேண்டும். அந்த லீவரை இழுக்கப் போனால் கையில் இரும்பு தட்டும். வண்டி நிற்கிறது, இழுக்காதே என்று அர்த்தம். வண்டி போன பிறகு எடுத்து ஆணியில் மாட்டிவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். நான் அதைத் தொட்டதே இல்லை. ஆணியில் துருப்பிடித்துத் தொங்கும். ஞாபகசக்தி இல்லாதவனுக்குத்தானே அது!

பிறகு கிள்ளான் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனில் என்னை வைத்தார்கள். பெயர் வேண்டாம். ஒரு மெயின் லைன், பக்கத்தில் வண்டி ஒதுங்கி நிற்க ஒரு சைடிங், அவ்வளவுதான். தினமும் மத்தியானம் மூன்றரை மணி வாக்கில் கிள்ளானிலிருந்து கூட்ஸ் வண்டி வந்து மெயின் லைனில் நிற்கும். நான் ஜன்னல் வழியாகப் பச்சைக் கொடி காட்டுவேன். வண்டியோடு வரும் கார்டு இறங்கி, தண்டவாளத்தை சைடிங் பக்கம் திருப்பும், எடைக்கட்டை வைத்த பாய்ண்ட்டைக் கையால் புரட்டுவார். கூட்ஸ் மெதுவாக சைடிங்குக்குள் போகும். கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கு உள்ளே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ரிஜிஸ்தரில் நேரம் எழுதுவேன். மூன்று ஐம்பது. மெயின் லைன் காலி. அதற்குப் பிறகுதான் கோலாலம்பூரிலிருந்து வரும் பாசஞ்சருக்கு, பாதை காலி, வரலாம் என்று லைன் கிளியர் கொடுத்து, சிக்னலை இறக்க வேண்டும். இப்படியே இரண்டு வருடம், தினம் தினம்.

அன்றைக்கு அந்தோணிசாமி கூட்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். செந்தூலில் ரயில்வே கொடுத்த வீட்டில் குடியிருந்த டிரைவர். பெரிய உடம்பு, பெரிய குரல், ஐந்து பிள்ளைகள். வண்டி நின்ற சற்று நேரத்தில் வானம் கறுத்துவிட்டது. அப்போது கோலாலம்பூரிலிருந்து போன். முந்தின நாள் போன ஏழு வண்டிகளின் எண்கள் அவசரமாக வேண்டுமாம். ரிஜிஸ்தரைத் திறக்காமலேயே சொன்னேன். ஏழும் சரி. அந்தப் பக்கத்திலிருந்தவர், "ஆளா இல்ல அச்சாபீஸா லா நீ?" என்றார். பெருமையோடு போனை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டி இரண்டு நிமிடம். ரிஜிஸ்தரில், கூட்ஸ் சைடிங்குக்குள், மூன்று ஐம்பது என்று எழுதினேன். பாசஞ்சருக்கு லைன் கிளியர் கொடுத்தேன். லீவரை இழுத்தேன். கையில் எதுவும் தட்டவில்லை.

மழை கொட்டியது. ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளை. மழைக்குள்ளே ஒரு விசில் சத்தம், விடாமல். சைடிங்கில் நிற்கிற எஞ்ஜின் எதற்கு இப்படிக் கத்துகிறது என்று எரிச்சலாக இருந்தது. அடுத்து சக்கரங்கள் பிரேக் பிடித்துக் கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. மாடிப்படியில் இறங்கி ஓடினேன். மெயின் லைனில் அந்தோணிசாமியின் எஞ்ஜின். அதற்கு எதிரே, ஒரு பெட்டி நீளம்கூட இல்லாத தூரத்தில், பாசஞ்சர் எஞ்ஜின். நடுவில் கூட்ஸ் எஞ்ஜினில் கரி போடும் ஃபயர்மேன், கையில் சிவப்புக் கொடியோடு மழையில் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தார். பாசஞ்சர் பெட்டிகளின் ஜன்னல்களில் பெண்களும் குழந்தைகளும் என்ன நடந்தது என்றே தெரியாமல் எட்டிப் பார்த்தார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பிக்கிறது. பயந்தேன், ஆனால் குற்ற உணர்வு துளிகூட இல்லை. ஏனென்றால் அந்தக் கூட்ஸ் சைடிங்குக்குள் போனதை நான் பார்த்திருந்தேன். கண்ணுக்குள் படம்போல நின்றது. அப்படியானால் அந்தோணிசாமி என் உத்தரவில்லாமல் மறுபடி வெளியே வந்திருக்கிறார். எடைக்கட்டை வைத்த பாய்ண்ட்டாதலால், வெளியே வருகிற வண்டிக்குச் சக்கரம் தள்ளினாலே வழி விட்டுவிடும். எந்த அடையாளமும் இருக்காது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாசஞ்சரைப் பின்னுக்குத் தள்ளினோம், மழை தூறலாகக் குறைந்தபோது கூட்ஸை சைடிங்கில் ஏற்றினோம். நான் கேபினிலிருந்து கொடி காட்டினேன்.

மறுநாளே கனகசபை ஐயா விசாரணைக்கு வந்துவிட்டார். ஸ்டேஷன் அறையில் ஒரு மேசை, எதிரே ஒரு நாற்காலி. அவர் விசாரிக்கும் முறை தனி. நடந்ததை முதலிலிருந்து சொல்ல விடமாட்டார். "முதலிலயிருந்து எல்லாரும் வடிவாச் சொல்லுவினம். நீர் கடைசியிலயிருந்து பின்னால வாரும்" என்பார். தமிழில் கேட்பார், இங்கிலீஷில் எழுதுவார். எழுதி முடிக்கும்வரை அடுத்த கேள்வி வராது. நான் படிப்படியாகப் பின்னால் போனேன். விசில், லீவர், லைன் கிளியர், ரிஜிஸ்தர்.

"ரிஜிஸ்தர் எழுத முதல் என்ன கண்டனீர்?"

"கூட்ஸ் உள்ள போறத பார்த்தேன் ஐயா."

"கடைசி விளக்கு?"

"அதையும் பார்த்தேன். வெயில்ல அந்தச் சிவப்புக் கண்ணாடி பளிச்சுன்னு மின்னிச்சு."

அந்த நுணுக்கத்தைச் சொன்னதில் எனக்கு ஒரு பெருமைகூட. ஐயா பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

"மழை எப்ப துவங்கினது?"

"அதுக்கப்புறம் ஐயா."

அந்தோணிசாமி, தான் அங்குலம்கூட நகரவில்லை என்றும், வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே மழை பிடித்துவிட்டது என்றும் சொன்னார். கார்டு யூசோப் என்ற மலாய்க்காரர். கொடிக்காகக் காத்து வண்டிக்குள்ளேயே இருந்ததாகச் சொல்லி, "தா ஜாலான், துவான். தா ஜாலான்" என்று தலையை ஆட்டினார். நகரவே இல்லை ஐயா, நகரவே இல்லை என்று அர்த்தம். ஆனால் ஒரே வண்டியில் வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பரிந்து பேசத்தான் செய்வார்கள் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் பக்கம் ரிஜிஸ்தர் இருந்தது, என் ஞாபகத்துக்கு ஊரெல்லாம் பேரும் இருந்தது. மூன்றாம் நாள் அறிக்கை மேலே போக வேண்டும். போனால் அந்தோணிசாமிக்கு வேலை போகும், செந்தூல் வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஐந்து பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அவர் என்னை மறித்தார். அவ்வளவு பெரிய குரல் அன்றைக்கு மெதுவாக வந்தது.

"சிங்காரம் அண்ணே, என் மூஞ்சிய பாத்து சொல்லுங்க. நான் உள்ள போனேனா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "போனீங்க" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் வீட்டில் இருந்தேன். வேலையிலிருந்து என்னையும் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிரே சாலையோரம் செங்கல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் எங்கேயோ போயிருந்தார். வழக்கம்போல மழை வந்தது, அடித்துவிட்டு நின்றது. வண்டிக்காரர் வந்து மாட்டை ஓட்டினார். வண்டி நகர்ந்தது. அது நின்ற இடத்தில், நனைந்து கறுத்த சாலைக்கு நடுவில், வெளுப்பாக ஒரு நீளச் சதுரம்.

எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்குத் தூறலில் கூட்ஸை சைடிங்குக்குள் ஏற்றியபோது, கேபின் ஜன்னலிலிருந்து நான் ஒன்றைப் பார்த்தேன். பத்துமலைப் பக்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லைத்தான் எங்கள் லைனில் கொட்டியிருந்தார்கள். நனைந்தால் நீலம் பாய்ந்து கறுக்கும், காய்ந்தால் வெள்ளை. வண்டி நகர நகர, மெயின் லைனில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு பட்டை நீண்டுகொண்டே வந்தது. ஒரு நிமிடம்தான், தூறல் அதையும் கறுப்பாக்கிவிட்டது. பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை. அதை ஞாபகம் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. என் கண் அதை எங்கேயோ ஒரு மூலையில் வைத்துவிட்டு, எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஒரு மாட்டுவண்டி வந்து அதை எடுத்துக் கொடுத்தது.

கல் காய்ந்திருந்தது என்றால், மழை தொடங்குவதற்கு முன்னாலிருந்தே வண்டி அங்கேதான் நின்றிருக்கிறது. உள்ளே போய் மழையில் வெளியே வந்திருந்தால் அந்த இடம் நனைந்திருக்கும். மழைக்கு முன்னாலேயே போய்த் திரும்பவும் நேரம் இருந்திருக்காது. அந்தோணிசாமி நகரவே இல்லை.

அப்படியானால் நான் பார்த்தது? கண்ணை மூடி அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். கூட்ஸ் உள்ளே போகிறது, சிவப்புக் கண்ணாடி மின்னுகிறது. எங்கும் வெயில். தண்டவாளம் வெயிலில் பளபளக்கிறது. ஆனால் நான் அந்தப் போனை எடுக்கும்போதே வானம் கறுத்திருந்ததே! என் சொந்தத் தலைக்குள் வேறு யாரோ உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்துவிட்டவன்போல விறைத்து நின்றேன்.

என் மனைவி பாக்கியம் வந்து, "என்ன, வெறும் ரோட்டயே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கல்ல வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

உள்ளே போனாள். என் கோட்டை எடுத்து வந்து நீட்டினாள். "அப்புறம் ஏன் இன்னும் நிக்கிறீங்க?"

கனகசபை ஐயா ஆபீஸில் இருந்தார். மேசைமேல் அறிக்கை, கையெழுத்து மட்டும் பாக்கி. நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை. என் வாக்குமூலத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு வரியின் கீழே சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருந்தது. வெயிலில் கண்ணாடி மின்னியது என்ற வரி.

"இந்த ஒரு வசனந்தான் எனக்குப் பிடிபடேல்லை. வெயில் எண்டு நீர் சொல்லுறீர், மழை எண்டு அவன் சொல்லுறான். ரெண்டு பேரிட கண்ணிலயும் பொய் இல்லை."

"நான் பொய் சொல்லல ஐயா. பார்த்தேன். இப்பவும் தெரியுது."

"ஓம். கண்டனீர்." என் ரிஜிஸ்தரை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூன்று ஐம்பது, மூன்று ஐம்பது, மூன்று ஐம்பத்தொன்று, மூன்று ஐம்பது. "இத்தனை நாள் அந்த வண்டி உள்ள போறதைக் கண்டிருக்கிறீர். எல்லாத்தையும் வேற வேறயாவோ வைச்சிருக்கிறீர்? போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை போன வண்டியைத் தனியாச் சொல்லுவீரோ?"

யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. ஏழு எண்களைச் சொன்ன அதே தலையால் முடியவில்லை.

"உம்மட்ட ஒரே ஒரு வண்டிதான் இருக்கு. எல்லா நாளும் சேர்ந்து ஒரு வண்டியாய்ப் போச்சு. அண்டைக்கு நீர் போனில நிக்கேக்கை, உம்மட மனம் அந்த வண்டியை எடுத்து உள்ள விட்டிட்டுது. கை எழுதியிட்டுது. நீர் கண்டது மெய். அண்டைக்குக் காணேல்லை."

பென்சிலை மேசைக்கு நேராக வைத்தார். "பொய் சொல்லுறவனை ரெண்டு கேள்வியில பிடிப்பன். உம்மைப் பிடிக்க எனக்கு ஏலாது. அதுதான் எனக்குப் பயம். வளையம் எங்க இருந்தது?"

"ஆணியில ஐயா."

பழைய அறிக்கையை நாலாகக் கிழித்தார்.

அந்தோணிசாமி அந்த வாரமே எஞ்ஜினில் ஏறினார். என்னைக் கேபினிலிருந்து எடுத்து, பத்து மாதம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்குக் காவலாகப் போட்டார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்து மாதமும் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். குடையை மறந்தவர்கள், பெண்டாட்டியை மறந்த அந்தப் புது மாப்பிள்ளை, எல்லோரும் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். ஞாபகம் இல்லாததால் மறக்கிறோம் என்று நினைத்திருந்தேன். பழக்கம் இருக்கிறதே, அதுதான் அன்றைய தினத்தை விழுங்கிவிட்டு முந்தின நாட்களைக் காட்டுகிறது. தினமும் செய்வதில்தான் மனிதன் அதிகம் மறக்கிறான். ஒரே ஒரு தடவை சும்மா கண்ணில் பட்ட வெள்ளைக் கல்லோ பத்திரமாக உள்ளே கிடக்கிறது. இவ்வளவையும் செய்வது நம் தலைதான், ஆனால் நம்மைக் கேட்டுச் செய்வதில்லை. நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது, கூடவே நடுக்கமும் வருகிறது.

ஒருநாள் அந்தோணிசாமி ஷெட்டுக்கு வந்தார். அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு என் பொண்டாட்டி ரெண்டு நாளா மாதாகிட்ட அழுதா அண்ணே. நான் என்ன பண்ணேன் தெரியுமா? நாமதான் நெசமாவே உள்ள போயிட்டு வந்துட்டோமோன்னு யோசிச்சேன். நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. ரெண்டாம் நாள் எனக்கும் போன மாதிரியே தெரிய ஆரம்பிச்சிருச்சு."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த மனிதர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார், நானும் அதை நம்பியிருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுபடி என்னைக் கேபினுக்கு அனுப்பியபோது முதல் காரியமாக வளையத்தின் துருவைத் தேய்த்து எடுத்தேன். வண்டி வந்து நின்ற அடுத்த நொடி லீவரில் வளையம் ஏறிவிடும். மற்றவர்கள் கேலி செய்தார்கள், செய்யட்டும். அந்தோணிசாமி மெயின் லைனில் கூட்ஸை நிறுத்தும்போதெல்லாம் இரண்டு சின்ன விசில் அடிப்பார். நான் இங்கேதான் இருக்கேன் அண்ணே என்று அர்த்தம். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு விசில் கிடையாது. நான் வளையத்தைக் கையிலெடுத்து ஜன்னலில் காட்டிவிட்டு லீவரில் மாட்டுவேன். கனகசபை ஐயா ஒருதடவை கேபினில் இருந்தபோதும் அவர் விசில் அடித்தார். ஐயா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, ரிஜிஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வளையம் என் மேசைமேல் இருக்கிறது. மணி நாலாகப் போகிறது, வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் மழை வரும். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும், எல்லாம் தெரிந்த பிறகும், கூட்ஸ் வண்டி வெயிலில் மெதுவாக சைடிங்குக்குள் போகிறது. கடைசிப் பெட்டியில் சிவப்புக் கண்ணாடி மின்னுகிறது. அது போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தோணிசாமி இப்போது வந்து என் முகத்தைப் பார்த்து மறுபடி கேட்டால், வாய் மறுத்தாலும் என் கண் "போனீங்க" என்றுதான் சொல்லும்.